முன்னால் நிற்கும் வண்டிகள்

ஜூன் 16, திங்கள்

தொட்டிப்பாறை அடிவார முகாமுக்கு வந்து சேர்ந்தேன். அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. பத்தொன்பது வருடமாகக் காற்றை அளந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு நல்ல அறையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். குழாயில் செம்மண் தண்ணீர். மெஸ்ஸில் சாம்பார் என்று ஒன்று ஊற்றினார்கள், ரசத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சமையல்காரருக்குக் கோபம். வந்த அன்றே ஒருவரோடு பகை.

மலையைக் குடைந்து போட்ட சாலைச் சுரங்கம், 1,900 மீட்டர். ஏறுகிற வண்டிகளுக்கு மட்டும். இறங்குகிறவை பழைய கொண்டை ஊசிப் பாதையிலேயே வரும். உள்ளே கூரையில் பதினெட்டு ராட்சத விசிறிகள். சுரங்கத்துக்குள் ஒரு வண்டி தீப்பிடித்தால் புகையை எந்தப் பக்கம் தள்ளுவது, எவ்வளவு வேகத்தில் தள்ளுவது என்பதுதான் என் வேலை. எல்லாம் சரி என்று புகைக் கட்டுப்பாட்டுச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டால் ஜூலை 11 அன்று திறப்பு விழா. ஜூலை 17 ஆடி பிறக்கிறது. ஆடியில் எந்தப் பெரிய மனிதரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார். அதனால்தான் இந்தப் பரபரப்பு.

திட்ட இயக்குநர் அருள்நம்பி வாசல்வரை வந்து வரவேற்றார். கழுவுற மீனில் நழுவுற மீன். "மூணரை வாரம் இருக்கு நாயகி மேடம். உங்களுக்கு ஒரு கையெழுத்துதானே வேலை" என்றார்.

"வெறும் கையெழுத்து மட்டும் போடுற வேலை எனக்கு இதுவரை வாய்ச்சதில்ல சார்" என்றேன்.

ஒன்று வாய்த்தது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 18, புதன்

விசிறிகளைப் பார்த்தோம். கூட வந்தவர் செபமாலை, மின்பிரிவு மேஸ்திரி, வாடிப்பட்டிக்காரர், இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. ஏழாம் விசிறி உறுமுகிறது, பேரிங்கை மாற்றவேண்டும். பதினொன்றாம் விசிறிக்கு வயர் தலைகீழாகக் கொடுத்திருந்தார்கள். மற்ற பதினேழும் மேலே தள்ள, இது ஒன்று மட்டும் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. என் மாதிரி ஒரு விசிறி என்றேன். செபமாலை சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

பேரிங்கை மாற்றும்போது அவருக்கு விளக்கினேன். தீ எரிந்தால் சூட்டில் புகை கூரைக்கு ஏறும். காற்று மந்தமாக இருந்தால் கூரையை ஒட்டிக்கொண்டு பின்னால் ஊர்ந்து வரும். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளினால் பின்னால் வராது, வண்டிகள் போகிற திசையிலேயே மேலே போய்விடும். தீக்குப் பின்னால் நிற்கிற வண்டிகளில் இருப்பவர்கள் நல்ல காற்றில் இருப்பார்கள்.

"அப்ப தீக்கு முன்னாடி இருக்கவன் மேடம்?"

"அவன் எதுக்கு நிக்கப் போறான்? ஓட்டிக்கிட்டு வெளிய போயிடுவான்."

டக்கென்று சொல்லிவிட்டேன், பள்ளிப் பிள்ளை திருக்குறள் ஒப்பிப்பதுபோல.

ஜூன் 22, ஞாயிறு

இன்று உள்ளூர் மக்களுக்காக ஒருநாள் வெள்ளோட்டம். காலை பத்து மணிக்குச் சுரங்கத்தின் கீழ்வாயைத் திறந்துவிட்டார்கள். பதினொன்றேகாலுக்கு மேல்வாயிலிருந்து வண்டிகள் பின்னோக்கி அடைத்துக்கொண்டு வந்தன. விபத்து என்று நினைத்து ஓடினேன்.

விபத்து இல்லை, கோயில். மேல்வாயிலிருந்து எழுபதே மீட்டரில் வழிகாத்த அம்மன் கோயில். புத்தம்புது கோபுரம், வழவழவென்று கல்தளம். மலை ஏறி முடித்த வண்டி எதுவும் அவளைக் கும்பிடாமல் போவதில்லையாம். ஓட்டுநர் இறங்கி, விடலைத் தேங்காய் போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கி, நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டுதான் மறுபடி வண்டியை எடுப்பார். ஒரு வண்டிக்கு நான்கு நிமிடம். பேருந்து என்றால் பயணிகளும் இறங்குவார்கள்.

முன்பு இவள் கணவாய் மேட்டில், பத்து லாரி நிற்கிற பொட்டலில் இருந்தவள். அணுகுசாலைக்கு அந்த இடம் போனபோது, மரியாதை குறையக்கூடாது என்று நம் ஆட்களே இங்கே, சுரங்க வாயிலேயே, கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குடமுழுக்குக்கு மேளம்கூட நிறுவனச் செலவாம். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் இறங்கி நடந்து எண்ணினேன். வரிசை 340 மீட்டர் உள்ளே வந்திருந்தது. 61 வண்டிகள், 318 பேர். மடியில் இருந்த குழந்தைகளைச் சரியாக எண்ண முடியவில்லை.

வரிசைக்குப் பின்னால் ஒரு வண்டி தீப்பிடித்தால் என் பதினெட்டு விசிறிகளும் புகையை இந்த 318 பேரின் மேல் தள்ளும். புகை நொடிக்கு மூன்று மீட்டர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள் நொடிக்கு ஒரு மீட்டர்.

இரவு மெஸ்ஸுக்குப் போகாமல் இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 23, திங்கள்

அருள்நம்பியிடம் சொன்னேன். கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னேன்.

அவர் பதறவில்லை. "வடிவமைப்பு அறிக்கையிலயே இருக்கே மேடம். முன்னால இருக்கிற வண்டிங்க தடையில்லாம வெளியேறிடும்னு தெளிவா எழுதியிருக்காங்க. அதைத்தானே நாம ஃபாலோ பண்றோம்?"

"எழுதினவங்க இந்த இடத்தைப் பாத்திருக்க மாட்டாங்க. ஏசி அறையில உட்கார்ந்து எழுதியிருப்பாங்க."

"சரி, அப்ப விசிறியோட வேகத்தைக் குறைச்சு வச்சுக்கலாமே?"

மூன்று சதவீத ஏற்றம் சார், சூடான புகைக்கு ஏற்றம் என்பது படிக்கட்டு மாதிரி, விசிறியே ஓடாவிட்டாலும் அது பாட்டுக்கு ஏறிப் போகும் என்றேன். விசிறியைத் திருப்பினால் பின்னால் நிற்பவர்கள் சாவார்கள். யாரைச் சாகடிப்பது என்று தேர்ந்தெடுக்கிற கருவியாகத்தான் அது இப்போது கூரையில் தொங்குகிறது.

"பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாமே" என்றார். காபி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அறிக்கை அலமாரியில் இருக்கிறது. 41-ஆம் பக்கத்தை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

கோயில் பூசாரியைப் பார்க்கப் போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், பார்ப்போம் என்றுதான் போனேன். பெயர் மொக்கராசு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இருபத்திரண்டு வருடம் இதே மலையில் லாரி ஓட்டியவர். பன்னிரண்டாவது வளைவில் பிரேக் அறுந்து, வண்டி பாறையில் சாய்ந்து நின்று பிழைத்தாராம். அன்றைக்கு ஸ்டீயரிங்கை விட்டவர் சூலத்தைப் பிடித்துக்கொண்டார்.

கோயிலை அறுநூறு மீட்டர் தள்ளி, சமதளத்துக்கு மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"ஏந்தாயி, ஆத்தா என்ன உங்க ஆபீசு பீரோவா, இங்கிட்டும் அங்கிட்டும் நகத்துறதுக்கு? ஒருக்காப் பேத்தெடுத்ததே பெரும்பாவம். அன்னைக்கு உங்க ஆளுகதான் மாலையும் கழுத்துமா வந்து, இதான் இனி நிரந்தரம்னு என் கையப் பிடிச்சுச் சொன்னாக."

"தீப்பிடிச்சா இங்க நிக்கிறவங்க செத்துப் போவாங்க அண்ணே."

"ஆத்தாளக் கும்பிட நிக்கிறவன் எப்பிடித் தாயி சாவான்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பழைய பாதையில் ஏறிவந்த வேன் ஒன்று நின்றுவிட்டது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மாற்றமாட்டேன் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

அருள்நம்பியின் யோசனை: மேல்வாயில் இரும்புத் தடுப்பு, இரண்டு காவலர்கள், "நிற்காதே" என்று ஆளுயரப் பலகை. இன்று மறுபடி வெள்ளோட்டம்.

கோயிலுக்கு எதிரே நிற்க விடவில்லை அல்லவா, நம் சனங்கள் தடுப்புக்கு முன்னாலேயே நிறுத்தினார்கள். அதாவது சுரங்கத்துக்குள்ளேயே. இறங்கி, தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறிக் காற்றில் வேட்டி பறக்க நடந்து போனார்கள். ஒரு லாரிக்காரர் காவலரிடம், "நிக்காமப் போயி அடுத்த வளைவுல பிரேக் பிடிக்கலன்னா நீ வந்து பிடிப்பியா?" என்று கேட்டார். கடைசியில் காவலரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குங்குமம் வாங்கிக்கொண்டார்.

வரிசை 520 மீட்டர். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அருள்நம்பிக்கு எண்ணிக்கையை மட்டும் அனுப்பினேன், வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்காது.

ஜூலை 2, புதன்

புகைச் சோதனை. மேல்வாயிலிருந்து 500 மீட்டர் உள்ளே இரும்புத் தொட்டியில் ஸ்பிரிட்டை எரியவிட்டு, பக்கத்தில் புகைக் கருவி வைத்தோம். உடம்புக்குக் கெடுதல் செய்யாத வெள்ளைப் புகை. தீக்கு முன்னால் 250 மீட்டரில் ஒரு ஜீப்பை நிறுத்தினேன். வரிசையில் நிற்கிற வண்டிக்குப் பதில் அது. அதற்குள் உட்காரும்படி அருள்நம்பியைக் கூப்பிட்டேன். கேமராவில் பார்த்துக்கொள்கிறேன் என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்.

ஜீப்பில் நான் ஏறி உட்கார்ந்தபோது இன்னொரு கதவு திறந்தது. மொக்கராசு. யார் சொன்னார்களோ தெரியவில்லை, செபமாலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடியை நீட்டினேன். "அது எதுக்கு, சனங்க எல்லாம் இத மாட்டிக்கிட்டா வரும்?" என்றவரை மிரட்டித்தான் மாட்டவைத்தேன்.

விசிறிகள் வேகம் எடுத்தன. முதலில் பின்கண்ணாடியில் ஒரு வெண்மை. அது வருவதாகவே தெரியவில்லை. அப்புறம் கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எண்பத்தாறாவது விநாடியில் ஜீப்பின் முன்பக்க மூடி எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையும் தெரியவில்லை. அவர் கதவைத் தடவும் சத்தம் மட்டும் கேட்டது, கைப்பிடி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் வண்டிக்குள் வாழ்ந்தவர்.

வாக்கிடாக்கியில் விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்து இருவரும் வெளியே வந்தோம். புகை கோயில் வாசல்வரை போய் கோபுரத்தை மூடியிருந்தது. அவர் கல்தளத்தில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினார். கோபுரத்தை மூடிய புகை கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நெசப் புகைன்னா கருப்பா, சூடா வருமில்ல?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணே."

"முன்னாடி நிக்கிறவன் செத்தான்."

முகமூடியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். கோயிலை மாற்றச் சம்மதம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

துணி துவைத்தேன். எல்லாவற்றிலும் புகை வாடை. செம்மண் தண்ணீரில் வெள்ளைச் சேலைகள் காவியாகிவிட்டன. சன்னியாசம் வாங்கிக்கொள்ளலாம்.

ஜூலை 4, வெள்ளி

அருள்நம்பி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். மேசையில் அறிக்கையின் 41-ஆம் பக்கம். நகல் எடுத்து, ஒரு வரியை மஞ்சளால் பூசியிருந்தார். "தீக்கு முன்னால் உள்ள வண்டிகள் தடையின்றி வெளியேறிவிடும் எனக் கொள்ளப்படுகிறது." ஓரத்தில் சின்னதாக இரண்டு எழுத்து. தி.நா.

"தில்லைநாயகி. நீங்கதானே மேடம் இது? ஏசி அறையில உட்கார்ந்து எழுதினது?"

நான்தான். இதை இந்த நோட்டில் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இத்தனை நாளாக "எழுதினவங்க, எழுதினவங்க" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தேன். நாலு வருடத்துக்கு முன் சென்னை அலுவலகத்தில் நான் எழுதிய வரி. நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"அப்ப உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். குரலில் அன்பு. அதுதான் பயமாக இருந்தது. "மனுஷங்கதானே. இது வெளிய போனா உங்க பேருதான் கெடும். சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுடுங்க, இந்தப் பக்கத்தை யாரும் புரட்ட மாட்டாங்க. பத்தொன்பது வருஷ சர்வீஸ் மேடம்."

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்கன்னா புகை வேற பக்கம் போகுமா சார்?"

எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

காலையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, பாதுகாப்புக் குழுவுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. முதல் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

பக்கம் 41-இல் உள்ள அனுமானம் தவறு. எழுதியது நான். நேரில் வந்து பார்க்காமல் எழுதினேன்.

இரண்டாவது பத்தி எழுதத்தான் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அருள்நம்பிக்குத் தெரியாதது அது. வேறு யாருக்கும் தெரியாது. கோயிலைச் சுரங்க வாய்க்கு மாற்றும் வரைபடம் வந்தபோது, காற்றோட்டப் பிரிவுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு என் மேசைக்கும் ஒரு பிரதி வந்தது. "ஆட்சேபம் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். வரைபடத்தை விரித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. அந்தக் காகிதம் கோப்பில் காணவில்லை. யாரும் தேடவும் போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

அதையும் எழுதினேன். எழுதியாயிற்று என்றதும் எனக்குப் பசித்தது. மெஸ்ஸுக்குப் போய் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினேன். சமையல்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஜூலை 8, செவ்வாய்

எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஆள் வந்திருக்கிறார். கோதண்டபாணி, சென்னை அலுவலகம், ஓய்வுக்குப் பதினோரு மாதம் பாக்கி. காலை ஒன்பதுக்கு வந்தார். கோப்பு கேட்டார். என் கடிதம் மேலேயே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டார். ஊறுகாயைப் பாராட்டினார். மூன்று மணிப் பேருந்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"என்ன சார், கையெழுத்து?" என்றார் அருள்நம்பி.

"கணக்கு தப்புன்னு கணக்குப் போட்டவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுக்கு மேல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்குத் தெரியாம செஞ்சேன்னு சொல்ல முடியுமா? நீங்க வேணா போடுங்க" என்றார். என்னிடம் மட்டும், "நல்லாக் கட்டிப் போட்டீங்கம்மா" என்றார்.

கட்டிப் போடத்தான் எழுதினேன். ஆடி பிறக்க ஒன்பது நாள். அதுவரை இடம் தந்துவிடக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

இன்று திறப்பு விழா நடந்திருக்க வேண்டிய நாள். பந்தல்காரர்கள் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வாழைமரங்களை மெஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், மதியம் வாழைத்தண்டுப் பொரியல். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். யாரும் என்னோடு ஒரே மேசையில் உட்காரவில்லை, செபமாலையைத் தவிர. அவர்மேலும் கண் விழும், தள்ளி உட்காருங்கள் என்றேன். "விழட்டும் மேடம், எங்க ஊருக்கு இந்த வழியாத்தான் என் பொண்ணுங்க போகணும்" என்றார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் தற்காலிகப் பணிநீக்க உத்தரவும் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை சுரங்கத்துக்குள் நுழையக் கூடாது, முகாம் அறையைக் காலி செய்ய வேண்டும். செபமாலையின் உறவுக்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. இங்கே மின்விசிறியில் காற்று வருகிறது.

மாலை மொக்கராசு தேடி வந்தார். மாடிப்படியில் நின்றுகொண்டே பேசினார்.

"பதினஞ்சு நாளா எனக்கு உறக்கமில்ல தாயி. கண்ண மூடுனா அந்தக் கைப்பிடியத் தேடுறேன். ஆத்தாளப் பேக்க மாட்டேன், அது அது. ஆனா பிடிமண் எடுக்கலாமுல்ல?"

எனக்குப் புரியவில்லை. சொன்னார். பிழைப்புக்காக வேறு ஊர் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவார்களாம். மூலக்கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். சாமி இரண்டு இடத்திலும் இருப்பாள்.

"கீழ்வாய்க்கு முன்னாடி, சந்தைப் பொட்டல்ல மண்ண வச்சு சூலத்த நட்டுருவோம். ஏறுறதுக்கு முன்னாடியே கும்பிட்டுட்டு ஏறட்டும். நின்னா வெளிய, நல்ல காத்துல நிக்கட்டும். மேல நிக்கிற வேலையே இல்ல. என்னங்கறீக?"

மனதுக்குள் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து நாளாக நான் முன்னால் நிற்கிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்றே யோசித்தேன். இந்த மனிதர் வரிசையையே தூக்கித் தீக்குப் பின்னால் வைத்துவிட்டார், அதுவும் சுரங்கத்துக்கு வெளியே.

"ஏறி முடிச்சுட்டுத்தானே நன்றி சொல்லுவாங்க? ஏறுறதுக்கு முன்னாடி நிப்பாங்களா?"

"நான் நிக்கச் சொல்றேன். லாரிக்காரன் சொன்னா லாரிக்காரன் கேப்பான்."

ஜூலை 22, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். பிடிமண் இறங்கியது.

நிறுவனம் அனுமதி கொடுத்ததற்கு ஒரே காரணம், ஊரே வந்து நின்றதுதான். நான் முன்கூட்டியே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தேன்: சுரங்கத்துக்குள் தீச்சட்டி, பந்தம், கற்பூரம் எதுவும் கூடாது. பணிநீக்கத்தில் இருப்பவள் நிபந்தனை போடுகிறாள் என்று அருள்நம்பி புருவத்தை உயர்த்தினார். மொக்கராசு, "அதான் சரி" என்று முடித்துவிட்டார். மஞ்சள் துணி கட்டிய மண்கலயத்தில் மண், தலையில் அவர், முன்னால் பறையும் உறுமியும்.

மேல்வாயில் காவலாளி என்னை நிறுத்தினார். அவர் வேலை, பாவம். மொக்கராசு தலையில் கலயத்தோடு திரும்பி, "சாமி கூட வாறவங்கள எவன்டா தடுக்கிறது?" என்று ஒரு சத்தம் போட்டார். காவலாளி ஒதுங்கிவிட்டார்.

1,900 மீட்டரும் இறங்கி நடந்தேன், விசிறிக் காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. ஏழாம் விசிறி உறுமவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது, இன்றைக்கும் வந்துவிடவில்லை. ஆனால் அழுதேன். காற்றுதான் என்று செபமாலையிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சென்னையில் விசாரணை. மூன்று பேர், நீளமான மேசை, ஆறிப்போன சமோசா.

"தவறை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ரெண்டு தவறு. ரெண்டையும் நானே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"நிறுவனத்துக்கு ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறீர்களா?"

"அவசரத்துக்குத்தான் வருந்துறேன். தாமதத்துக்கு இல்ல."

நடுவில் இருந்தவர், நாகரிகமாகப் பதில் சொல்லலாமே என்றார். இதைவிட நாகரிகமாக எனக்குச் சொல்ல வராது என்றேன். ஒருத்தர் சமோசாவைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உத்தரவு வந்தது. இரண்டு ஊதிய உயர்வு ரத்து. ஆவணப் பிரிவுக்கு மாற்றம், செப்டம்பர் ஒன்றாம் தேதி சேரவேண்டும். இனி நான் எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட முடியாது. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் இன்னொரு 41-ஆம் பக்கமாகிவிடும்.

கோதண்டபாணி போன் செய்தார். இரண்டு ஞாயிறு வெள்ளோட்டம் விட்டு எண்ணிப் பார்த்தாராம். மேல்வாயில் வரிசை இல்லையாம். பொட்டலில் மட்டும்தான் கூட்டமாம். அதோடு உள்ளே வரிசை சேர்ந்தால் கீழ்வாயில் தானாகச் சிவப்பு விளக்கு விழும்படியும் செய்யச் சொல்லி, அதையும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 28-ஆம் தேதி திறப்பு. எனக்கு அழைப்பு இல்லை.

"நம்புங்கம்மா, நானே எண்ணினேன்" என்றார்.

அவரை நம்புகிறேன். ஆனால் பார்க்காமல் நம்பி இரண்டு தடவை எழுதிக் கெட்டவள் நான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாடி அறையில் விட்டிருந்த சாமான்களை எடுக்க வந்தேன் என்பது சாக்கு. காலை பதினொரு மணி, கூட்ட நேரம் பார்த்து மலைக்குப் போகிற பேருந்தில் ஏறி, பின்கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தேன். மேலே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பொட்டலில் பேருந்து நின்றது. முன்னால் இருபது வண்டி. தகரக் கூரை, ஒரு சூலம், கலயம் இருந்த இடத்தில் சின்ன மேடை. மொக்கராசு வியர்வை வழியத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. நடத்துநர் இறங்கி விடலை போட்டுவிட்டு, குங்குமத்தைக் காகிதத்தில் வாங்கிவந்து இருக்கை இருக்கையாக நீட்டினார். நானும் எடுத்துக்கொண்டேன்.

சுரங்கத்துக்குள் போனோம். தூரத்தை எண்ணிக்கொண்டே வந்தேன். ஆயிரத்து நானூறு. ஆயிரத்து ஐந்நூற்று அறுபது, அன்றைக்கு வரிசை தொடங்கிய இடம். வேகம் குறையவில்லை. மேல்வாயின் வெளிச்சம் தெரிந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆயிரம் கையெழுத்துப் போடலாம், கடைசியில் ஓட்டுநரின் கால் எதை மிதிக்கிறது என்பதுதானே கணக்கு.

வெளியே வந்தோம். இடப்பக்கம் கோயில். பயணிகள் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் பதறி எழுந்தார்.

"ஏப்பா, ஆத்தா கோயில்ல நிப்பாட்டலயா?"

"அதான் கீழயே பாத்தாச்சுல்ல" என்றார் நடத்துநர். ஓட்டுநரிடம் திரும்பி, "நீங்க போங்கண்ணே, ரைட்!"

நான் பின்கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு சுரங்க வாயைப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் லாரி வந்தது. ஒரு வேன். இரண்டு கார். ஒரு குடும்பம் மொத்தமும் ஏறிய பைக். வளைவு வந்து மறைக்கும்வரை பதினான்கு எண்ணினேன். ஒன்றுகூட நிற்கவில்லை.